வாந்திப் பையோடு வாருங்கள்

1982 ஜூன் 25, வெள்ளிக்கிழமை. அன்று காலை 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையைப் பிரித்தவர்கள், வின்சென்ட் கேன்பி என்ற விமர்சகர் ஒரு புதுப் படத்தைத் தூக்கிப் போட்டு மிதித்துக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். முட்டாள்தனம், மனச்சோர்வு, வீண் செலவு என்று அடுக்கிக்கொண்டே போய், வெளிவந்த அன்றே குப்பை என்று முத்திரையும் குத்தியிருந்தார். கேன்பி லேசுப்பட்ட ஆளில்லை. அவர் முகம் சுளித்தால் தயாரிப்பாளர்களுக்கு வயிறு கலங்கும்.

மிதிபட்ட படம் ஜான் கார்ப்பென்டரின் 'தி திங்'. ஒரு குறுநாவலிலிருந்து எடுத்த திகில் படம். இன்றைக்கு அதைப் பற்றி ஒரு குறை சொல்லிப் பாருங்கள், சினிமாப் பைத்தியங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். திகில் படங்களில் தலைசிறந்த பத்து எவை என்று யார் பட்டியல் போட்டாலும் அதற்கு ஓர் இடம் போட்டு வைத்திருப்பார்கள். அன்றைய விமர்சகர்கள் குருடர்கள் என்ற தீர்ப்பும் கூடவே வரும்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அந்த விமர்சகர்கள் படத்தை ஒழுங்காகத்தான் பார்த்தார்கள். படம் ஈரமில்லாதது என்றார்கள், உண்மை. ஆட்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றார்கள், அதுவும் உண்மை. குமட்டுகிறது, நம்பிக்கையே இல்லை, முடிவு முடிவாகவே இல்லை என்றார்கள். அத்தனையும் சத்தியம். விடைத்தாளை வரிவிடாமல் படித்துவிட்டு, மார்க் போடுகிற இடத்தில் மட்டும் கோட்டை விட்டார்கள். அந்தக் கூத்தை முதலிலிருந்து சொல்வதுதான் முறை.

1938 ஆகஸ்ட். அமெரிக்காவில் 'அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்று ஒரு மாத இதழ். மலிவுக் காகிதம், அட்டையில் ராக்கெட். அதற்கு ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்பெல், வயது 28. அந்த மாத இதழில் டான் ஏ. ஸ்டூவர்ட் என்பவர் எழுதிய 'ஹூ கோஸ் தேர்?' என்ற குறுநாவல் வந்தது. காவல்காரன் இருட்டில் அரவம் கேட்டால் 'யாரங்கே?' என்று கத்துவானே, அதுதான் தலைப்பு. இந்த டான் ஏ. ஸ்டூவர்ட்டை யாரும் நேரில் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது, அவர் சாட்சாத் கேம்பெல்தான். மனைவி டோனா ஸ்டூவர்ட்டின் பெயரை லேசாக வெட்டி ஒட்டி ஒரு மீசையும் வைத்துப் புனைபெயராக்கியிருந்தார். தானே எழுதி, தானே தேர்ந்தெடுத்து, தானே அச்சில் ஏற்றிய கதை. அதுவும் எந்தக் கதை? ஆள்மாறாட்டக் கதை!

அண்டார்க்டிகாவில் ஓர் ஆராய்ச்சி முகாம். 37 ஆண்கள். பனிக்கட்டிக்குள் இரண்டு கோடி வருடம் உறைந்து கிடந்த ஒரு வேற்றுலக ஜந்துவை அறிவாளிகள் எடுத்துவந்து உருக வைக்கிறார்கள். விஞ்ஞானிகளின் புத்தி கதைகளில் மட்டும் அப்படித்தான் வேலை செய்யும். உயிர்த்தெழுந்த ஜந்து யாரைத் தின்கிறதோ அவராகவே மாறிவிடும். நம் சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்தால் பழைய கூட்டைப் பத்திரமாக ஓர் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். இதற்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. கூட்டை மென்று முழுங்கிவிட்டு, அச்சு அசலாக இன்னொரு கூட்டைச் செய்துகொள்ளும். பேச்சு, நினைவு, பல்வலி எல்லாம் அதேதான். பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுகிறவன் மனிதனா, ஜந்துவா என்று அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

சுயம்வர மண்டபத்தில் தமயந்திக்கும் இதே சிக்கல் வந்தது. நளன் வேடத்தில் நான்கு தேவர்கள், ஐந்தாவதாக அசல் நளன். எந்தக் கண் இமைக்கிறது, எந்த மாலை வாடுகிறது, யார் கால் தரையில் பாவுகிறது என்று பார்த்து அந்தப் பெண் காரியத்தை அலுங்காமல் முடித்தாள். துருவத்தில் சிக்கிய ஆண்களுக்கு அந்தச் சமர்த்து ஏது? ஆளுக்கு ஆள் ரத்தம் எடுத்து, அதில் காய்ச்சிய கம்பியை விட்டுப் பார்த்தார்கள். மனித ரத்தம் சும்மா இருக்கும், ஜந்துவின் ரத்தம் தனி உயிர் என்பதால் துள்ளி ஓடும்.

கேம்பெலுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு குடும்பக் கதை சொல்வார்கள். அவருடைய அம்மாவுக்கு அச்சில் வார்த்த மாதிரி ஓர் இரட்டைச் சகோதரி. சித்திக்கோ பெரியம்மாவுக்கோ பையன் மேல் அவ்வளவாகப் பிரியமில்லை. பள்ளியிலிருந்து ஓடிவந்து அம்மா என்று கட்டிக்கொண்டால், அது அம்மாவாக இல்லாமல் போய்விடும். மற்றவர்கள் இதற்கு மனநல மருத்துவரிடம் போவார்கள். கேம்பெல் குறுநாவல் எழுதினார். பின்னாளில் அந்தக் குறுநாவலுக்கே ஓர் இரட்டை, நீளமான வடிவம், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் காகிதக் கட்டுகளுக்குள் அகப்பட்டு, 'ஃப்ரோசன் ஹெல்' என்ற பெயரில் 2019-ல் புத்தகமானது தனிக் கதை.

ஹாலிவுட் இந்தக் குறுநாவலை வாங்கி 1951-ல் படமாக்கியது. 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்' என்று பெயர். தயாரிப்பு ஹோவர்ட் ஹாக்ஸ். கதையை வாங்கியவர்கள் கதையின் உயிர்நாடியை மட்டும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உருமாற்றம், ஆள்மாறாட்டம், சந்தேகம், ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. தென்துருவத்தைத் தூக்கி வடதுருவத்தில் வைத்தார்கள். நண்பன் வேடத்தில் வரும் ஜந்துவுக்குப் பதிலாக, ஜேம்ஸ் ஆர்னஸ் என்ற ஆறரை அடிக்கும் மேலான நடிகருக்கு மொட்டைத் தலையும் நகமும் ஒட்டி நிறுத்தினார்கள். அது விலங்குகூட இல்லை, ஒரு தாவரம். ரத்தம் குடிக்கும் தாவரம். படத்துக்குள்ளேயே ஒரு பத்திரிகை நிருபர் அதைக் கேரட் என்று கிண்டல் செய்கிறார். பாத்திரமே கிண்டல் செய்த பிறகு விமர்சகர்களுக்கு என்ன மிச்சம்? அவர்கள் பாராட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

படம் நன்றாகவே இருக்கும், அதைச் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் படபடவென்று பேசுவார்கள், காப்பி குடிப்பார்கள், ஒரு பெண்ணும் உண்டு, கொஞ்சம் காதலும் உண்டு, கடைசியில் ஒற்றுமையாக நின்று மின்சாரம் பாய்ச்சிக் கேரட்டைப் பொசுக்குவார்கள். ஆனால் அது கேம்பெலின் கதை இல்லை. இதில் ஒரு தமாஷ் உண்டு. படத்தின் இயக்குநர் என்று திரையில் வருவது ஹாக்ஸின் படத்தொகுப்பாளராக இருந்த கிறிஸ்டியன் நைபியின் பெயர். படமோ ஒவ்வொரு அங்குலமும் ஹாக்ஸ் படம் மாதிரியே நடக்கும், பேசும், சிரிக்கும். உண்மையில் இயக்கியது யார் என்று சினிமா ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். யார் அசல், யார் நகல் என்ற கேள்வியைத் திரைக்கதையிலிருந்து விரட்டினார்கள், அது நேரே போய் டைட்டில் கார்டில் உட்கார்ந்துகொண்டது.

இந்தக் கேரட் படத்தின் பரம ரசிகர் ஜான் கார்ப்பென்டர். 1978-ல் அவர் எடுத்த 'ஹாலோவீன்' படத்தில், குழந்தைகள் டிவியில் பார்த்துப் பயப்படுவது இந்த 1951 படத்தைத்தான். அவ்வளவு பக்தி. ஆகவே யூனிவர்சல் நிறுவனம் இந்தக் கதையை மறுபடி எடுக்க அவரைக் கூப்பிட்டபோது, பழைய படத்தையே கலரில் எடுத்துத் தருவார் என்று எவரும் நினைத்திருக்கலாம். மனிதர் புத்திசாலி. தெய்வத்தோடு போட்டி போடாமல், அதற்கும் மூத்த தெய்வத்திடம் போய்விட்டார். அதாவது குறுநாவலுக்கு. நடிகர் பர்ட் லங்காஸ்டரின் மகன் பில் லங்காஸ்டர் திரைக்கதை எழுதினார். 37 பேர் 12 பேரானார்கள். மற்றபடி தென்துருவம், ஆள்மாறாட்டம், சந்தேகம், ரத்தம், காய்ச்சிய கம்பி எல்லாம் அடமானத்திலிருந்து மீண்டு வந்தன.

பெண் பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பது ஒரே ஒரு பெண் குரல், செஸ் விளையாடும் கணினியின் குரல். அதைப் பேசியவர் அட்ரியன் பார்போ, அப்போது கார்ப்பென்டரின் மனைவி. அந்தக் கணினி நாயகன் கர்ட் ரஸ்ஸலைத் தோற்கடிக்கிறது. அவர் என்ன செய்கிறார்? கையிலிருந்த விஸ்கியை அதன் வயிற்றுக்குள் ஊற்றிப் பொசுக்குகிறார். படம் தொடங்கி ஐந்தாறு நிமிடத்தில் இப்படி ஓர் அநியாயம் நடந்தும் அன்றைய விமர்சகர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குக் கவலைப்பட வேறு விஷயங்கள் இருந்தன.

அந்த வேறு விஷயங்களின் பெயர் ராப் பாட்டின். ஜந்துவின் கோலங்களைச் செய்யும் பொறுப்பு இவருடையது, வயது 22. ஜந்து எதுவாகவும் மாறும் என்றால் அதற்கென்று ஒரு வடிவம் எதற்கு என்று இவர் கேட்டார். நல்ல கேள்விதான். பதில்தான் பயங்கரமாக இருந்தது. நாயின் முகம் வாழைப்பூப் போல விரியும். மாரடைப்பு வந்தவரின் நெஞ்சில் மருத்துவர் கை வைத்து அழுத்தினால் நெஞ்சு வாயாகத் திறந்து மருத்துவரின் இரண்டு கைகளையும் கடித்துத் துண்டாக்கும். அதே ஆளின் தலை தனியாகக் கழன்று விழுந்து, நாக்கை நீட்டித் தன்னை இழுத்துக்கொண்டு, பிறகு சிலந்திக் கால் முளைத்து வாசல் பக்கமாக நழுவும். கணினி வரைகலை கிடையாத காலம். எல்லாம் ரப்பர், கம்பி, கயிறு, இரவு விழிப்பு. பாட்டின் விடுமுறை எடுக்காமல், ஸ்டூடியோவிலேயே படுத்து எழுந்து, ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தார். முடிவில் உடம்பு விட்டுப்போய் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த நாய்க் காட்சிக்கு மட்டும் ஸ்டான் வின்ஸ்டன் கைகொடுத்தார்.

அந்த வழவழப்பும் கொழகொழப்பும் எதில் செய்தது தெரியுமா? மயோனஸ், பாலேட்டில் குழைத்த மக்காச்சோளம், மைக்ரோவேவில் உருக்கிய பபிள்கம். ஆக, அமெரிக்காவின் பெரிய பத்திரிகைக்காரர்களுக்குக் குமட்டலை வரவழைத்ததில் பாதி, அவர்கள் மத்தியானம் சாண்ட்விச்சோடு சாப்பிட்ட பதார்த்தங்கள்தான்.

தயாரிப்புச் செலவு சுமார் 1.5 கோடி டாலர். கார்ப்பென்டர் 'ஹாலோவீன்' எடுத்த பணத்தைப் போல ஐம்பது மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய ஸ்டூடியோவில் அவருக்கு முதல் பெரிய படம். இசைக்கு இத்தாலியிலிருந்து எனியோ மாரிகோனியை வரவழைத்தார்கள். எல்லாம் தயார். இனி உலகம் கைதட்ட வேண்டியதுதான் பாக்கி.

இந்த இடத்தில் விதி ஒரு சைக்கிளில் ஏறி நிலவுக்கு முன்னால் பறந்து வந்தது. ஜூன் 11-ம் தேதி, அதாவது இரண்டே வாரம் முன்னால், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வெளியானது. அதே யூனிவர்சல் நிறுவனம். ஒரே வீட்டுக்கு ஒரே கோடையில் இரண்டு வேற்றுலக விருந்தாளிகள். மூத்தவர் மிட்டாய் தின்றார், பூவை மலர வைத்தார், ஊருக்குப் போன் பேச வேண்டும் என்று ஏங்கினார். இளையவர் நாயைத் தின்றார். ஈ.டி.க்காக அழுது வீங்கிய கண்களோடு திரிந்த அமெரிக்கக் குடும்பங்களிடம், வேற்றுலகத்தான் உன் நண்பனின் வயிற்றிலிருந்து எட்டிப் பார்ப்பான் என்று போஸ்டர் அடித்தால் டிக்கெட் எங்கே போகும்? முதல் வார இறுதியில் படத்துக்குக் கிடைத்தது எட்டாவது இடம். அதே வெள்ளிக்கிழமை வந்த ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' படமும் அடி வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மட்டுமே ஆறுதல்.

இனி விமர்சகர்கள்.

கேன்பியின் பெரிய குற்றச்சாட்டு என்னவென்றால், படத்தில் நடிகர்கள் வெறும் தட்டுமுட்டுச் சாமான்கள். அவர்களை வெட்டி, கிழித்து, தின்று, பிறகு இன்னும் கொஞ்சம் தந்திரக் காட்சியாக வெளியே துப்புகிறார்கள் என்பது. நான் இதைப் பல தடவை யோசித்துவிட்டேன். இதில் குற்றச்சாட்டு எங்கே இருக்கிறது? ஒரு ஜந்து மனிதர்களைத் தின்று அவர்களையே திரும்பத் துப்புகிறது. குறுநாவலின் கதைச்சுருக்கத்தை இதைவிடச் சிக்கனமாக யாரும் எழுதியதில்லை. கேம்பெல் உயிரோடு இருந்திருந்தால் பின்னட்டையில் போட்டிருப்பார்.

சிகாகோவில் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுத்தார். வாந்திப் பை தேவைப்படும் படங்களின் வரிசையில் இது பேஷான படம் என்பது அவர் கருத்து. இது வசையா வாழ்த்தா என்று படத்தை விற்றவர்களுக்கே புரிந்திருக்காது. அவர் இன்னொரு சந்தேகமும் எழுப்பினார். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும் இந்த ஆட்கள் ஏன் தனித்தனியாகப் போய் மாட்டிக்கொள்கிறார்கள், ஜோடி ஜோடியாகப் போனால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜோடிக்கு வருகிறவன் யார், ஐயா? அதுதானே கதை. சந்தேகம் வந்த பிறகு அந்த முகாமில் தனியாகப் போகிறவன்தான் கொஞ்சம் பாதுகாப்பாக இருக்கிறான்.

பாத்திரங்களுக்கு ஆழமில்லை, எல்லோரும் தாடி வைத்துக் கம்பளிக் கோட்டுக்குள் புகுந்துகொண்டு ஒரே மாதிரி இருக்கிறார்கள், யார் யாரென்றே பிடிபடவில்லை என்பது பலரும் சொன்ன குறை. அதே குறைதான் முகாமில் இருந்த பன்னிரண்டு பேருக்கும்! அவர்களும் படம் முழுக்க அதைச் சொல்லித்தான் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

அறிவியல் புனைகதை ரசிகர்களின் சொந்தப் பத்திரிகையான 'ஸ்டார்லாக்'காவது கைகொடுத்திருக்கலாம். அதில் ஆலன் ஸ்பென்சர் எழுதியது எல்லோருக்கும் மேலே ஒரு படி. கார்ப்பென்டருக்கு அறிவியல் திகில் எல்லாம் சரிப்படாது, சாலை விபத்து, ரயில் கவிழ்வது, நடுத்தெருவில் சவுக்கடி மாதிரியான சமாச்சாரங்களை இயக்கத்தான் அவர் லாயக்கு என்று எழுதினார். வசவிலும் ஒரு கற்பனை வளம் வேண்டும் என்றால் இதுதான். கடைசியில் 'சினிஃபன்டாஸ்டிக்' இதழ் அட்டையிலேயே கேட்டுவிட்டது, எல்லாக் காலத்திலும் மிக அதிகமாக வெறுக்கப்பட்ட படம் இதுதானா என்று. உள்ளே பக்கம் பக்கமாகப் படம் எடுத்த கதை. வெறுப்புக்கும் நல்ல விற்பனை உண்டு.

சொந்தக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பழைய படத்தின் இயக்குநர் கிறிஸ்டியன் நைபி (அல்லது இயக்குநர் என்று பெயர் போட்டுக்கொண்டவர்) வாய் திறந்தார். ரத்தம் பார்க்க ஆசையென்றால் கசாப்புக் கூடத்துக்குப் போகலாமே என்றார். அத்தோடு விடாமல், படம் மொத்தத்தில் அந்த நாயகன் குடிக்கிற விஸ்கிக்கு அருமையான விளம்பரம் என்றும் சொன்னார். இந்த இரண்டாவது பாயிண்டுக்கு எதிர்க்கட்சியிலும் பதில் இல்லை. ரஸ்ஸல் குடிக்காத காட்சிகளை விரல் விட்டு எண்ணலாம்.

எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. விமர்சகர்கள் பலரும் கையில் வைத்திருந்த அளவுகோல் 1951-ன் படம். பழையது எவ்வளவு கண்ணியம், ஜந்துவைக் காட்டாமலே பயமுறுத்தினார்களே, மனிதர்கள் மனிதர்களாக இருந்தார்களே என்று பெருமூச்சு. கதையின் அசல் வாரிசு இத்தனை காலம் கழித்து வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கேரட்டைக் காட்டி, இதுதான் எங்கள் பிள்ளை, நீ யாரடா என்று விரட்டுகிறார்கள். ஜந்து எத்தனையோ பேரை ஏமாற்றியது, இவ்வளவு சுலபமாக யாரையும் ஏமாற்றியதில்லை.

முடிவைப் பற்றிய புகார் தனி. முகாம் முழுக்க எரிந்து போகிறது. இரண்டே பேர் மிச்சம், கர்ட் ரஸ்ஸலும் கீத் டேவிடும். ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. இருவரில் ஒருவர் ஜந்துவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு பாட்டிலைப் பகிர்ந்துகொண்டு குளிரில் சாவுக்குக் காத்திருக்கிறார்கள். படம் முடிந்தது, வீட்டுக்குப் போங்கள். முன்னோட்டக் காட்சி ஒன்றில் ஓர் இளம்பெண் எழுந்து, கடைசியில் யார்தான் அது என்று கேட்டதாகக் கார்ப்பென்டர் சொல்லியிருக்கிறார். உங்கள் கற்பனைக்கே விட்டுவிட்டேன் என்றாராம் இவர். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது என்றாளாம் அவள். அன்றைக்கே தெரிந்துவிட்டதாம் அவருக்கு, கதை கந்தல் என்று. நாயகனைக் காப்பாற்றி, ரத்தம் எடுத்துப் பார்த்து, அசல் மனிதன்தான் என்று சான்றிதழ் கொடுக்கிற ஒரு முடிவையும் கையிருப்பாக எடுத்து வைத்திருந்தார்கள். கார்ப்பென்டர் அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் இன்னும் இரண்டு வாரம் ஓடியிருக்கும், இன்றைக்கு யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் மொத்த வசூல் சுமார் 1.96 கோடி டாலர். செலவை விட அதிகம்தானே என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு: தியேட்டர்காரர்களும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் பங்கு உண்டு. படுதோல்வி என்று சொல்ல முடியாது, வெற்றி என்று சொல்ல நாக்கு வராது. யூனிவர்சல் கார்ப்பென்டர் கையில் கொடுத்திருந்த ஸ்டீபன் கிங்கின் 'ஃபயர்ஸ்டார்டர்' படத்தைப் பிடுங்கிக்கொண்டது. தன் தோல்விகளிலேயே அதிகம் வலித்தது இதுதான் என்று அவர் பின்னால் பல பேட்டிகளில் சொன்னார். மனுஷன் அடுத்த வருடம் 'கிறிஸ்டின்' எடுத்தார். கொலைகாரக் கார் ஒன்றின் கதை. ஸ்பென்சர் சொன்ன சாலை விபத்து யோசனையை மனதில் வைத்துத்தான் ஒப்புக்கொண்டாரோ என்னவோ.

அவமானப் பட்டியலில் ஒரு கிரீடமும் உண்டு. அமெரிக்காவில் மட்டமான சினிமாவுக்கு விருது கொடுத்துச் சிரிக்கிற ஒரு கூட்டம், 'கோல்டன் ராஸ்பெரி'. அந்த வருடத்தின் மிக மோசமான இசைக்கான பரிந்துரைப் பட்டியலில் மாரிகோனியின் பெயரைச் சேர்த்தது. 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' படத்துக்கு இசையமைத்தவரை! 'தி திங்' படத்துக்காக அவர் எழுதியதில் கார்ப்பென்டர் பயன்படுத்தாமல் விட்ட இசையும் கொஞ்சம் இருந்தது. முப்பது வருடம் தாண்டி க்வென்டின் டாரன்டினோ 'தி ஹேட்ஃபுல் எய்ட்' எடுத்தார். பனிப்புயல், அடைபட்ட குடிசை, ஒருவரை ஒருவர் நம்பாத ஆட்கள், நடுவில் அதே கர்ட் ரஸ்ஸல். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? மாரிகோனி புதிதாக எழுதியதோடு, அந்தப் பழைய மிச்ச இசையையும் டாரன்டினோ சேர்த்துக்கொண்டார். 2016-ல் அந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கர். கௌரவ விருதைத் தவிர மாரிகோனி போட்டியிட்டு வென்ற ஒரே ஆஸ்கர் அதுதான், 87 வயதில்.

இதற்கிடையே வீடியோ கேசட் வந்தது, கேபிள் டிவி வந்தது. தியேட்டருக்கு வராத பிள்ளைகள் அம்மா அப்பா தூங்கிய பிறகு வீட்டில் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து விமர்சகர்களானார்கள், இயக்குநர்களானார்கள், பேராசிரியர்களும் ஆனார்கள். பாராட்டத் தொடங்கினார்கள். என்ன சொல்லிப் பாராட்டினார்கள் என்று கவனியுங்கள். ஈவிரக்கம் இல்லாத படம். பாத்திரங்கள் முகமற்றவர்கள். நம்பிக்கையின் ஒளிக்கீற்றுக்கூடக் கிடையாது. பார்க்கவே குமட்டும் உருவங்கள். முடிவு முடிவே இல்லை. எல்லாம் கேன்பி வீட்டுச் சரக்கு. வாடகைகூடக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டார்கள். பேராசிரியர்கள் மட்டும் மேற்கொண்டு பனிப்போர், தொற்றுநோய் பயம், ஆண்மையின் நெருக்கடி என்று கொஞ்சம் மசாலா சேர்த்தார்கள். மயோனஸ் யாருடைய கட்டுரையிலும் வரவில்லை.

ரசிகர்கள் பிரேம் பிரேமாக ஆராய்ந்து கண்டுபிடித்த வேடிக்கை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. படத்தின் தொடக்கத்தில் ஒரு நாயைத் துரத்திக்கொண்டு நார்வேக்காரர் ஒருவர் துப்பாக்கியோடு ஓடிவருவார். அமெரிக்கர்களைப் பார்த்து என்னவோ கத்துவார். அவர்களுக்குப் புரியாது, அவரைச் சுட்டுவிடுவார்கள். அவர் கத்துவது, தள்ளிப் போங்கள், அது நாயே இல்லை, நாய் வேடம் போட்ட வேறு ஏதோ என்று! நார்வே மொழி தெரிந்தவர்களுக்கு முதல் பத்து நிமிடத்திலேயே படத்தின் பாதி ரகசியம் வெளியே வந்துவிடும். மற்ற உலகம் பாப்கார்னோடு காத்திருந்தது. இத்தனைக்கும் ரஸ்ஸலின் பாத்திரம் அந்த நார்வேக்காரர்களை ஸ்வீடன்காரர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

தென்துருவத்திலேயே படத்துக்கு ரசிகர் மன்றம் உண்டு. அமெரிக்காவின் அமுண்ட்சென்-ஸ்காட் ஆராய்ச்சி நிலையத்தில் குளிர்காலம் தொடங்கும்போது கடைசி விமானம் கிளம்பிவிடும். பிறகு மாதக்கணக்கில் யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. அந்த விமானம் போனதும் மிச்சமிருப்பவர்கள் கூடி உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. அதே மூச்சில் கேரட் படத்தையும் பார்ப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை எட்டு மாதம் சகித்துக்கொள்ள வேண்டியவர்கள் செய்கிற காரியமா இது?

2011-ல் யூனிவர்சல் மறுபடி ஒரு முயற்சி செய்தது. அந்த நார்வேக்காரரின் முகாமில் முன்னால் என்ன நடந்தது என்று ஒரு முன்கதை. பெயரும் அதே 'தி திங்', ஆள்மாறாட்டத்தில் கம்பெனி கேம்பெலையே மிஞ்சிவிட்டது. ஜந்துக்களை ரப்பரிலும் கம்பியிலும் நிஜமாகவே செய்தார்கள். பிறகு மேலிடத்துக்குப் பயம் வந்து, படத்தொகுப்பின்போது அவற்றின் மேலேயே கணினி வரைகலையைப் பூசிவிட்டார்கள். படம் ஓடவில்லை. விமர்சகர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். 1982-ல் வந்தது எவ்வளவு கண்ணியம் என்று பெருமூச்சு விட்டார்கள். அதில் எதை எப்போது காட்டுவது என்று ஓர் அளவு இருந்ததாம், மனிதர்கள் மனிதர்களாக இருந்தார்களாம், மயோனஸில் செய்த ஜந்துவில் இருந்த உயிர் இதில் இல்லையாம்.